ஊரும் பேரும் இல்லாத கும்பிடுபூச்சி

முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நான் செய்த தவறொன்றைப் பற்றி இன்று எழுதவேண்டியிருக்கிறது.

அப்போது நான் ஒரு நாளிதழில் பிரதேசச் செய்திப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். மாத்தளையிலிருந்து வந்த தபாலுறை ஒன்றில் ஒரு புகைப்படம் இருந்தது. காய்ந்த சருகு ஒன்று மெல்லிய கிளையில் தொங்குவதுபோல் தோன்றும் படம். உற்றுப் பார்த்த பின்னர்தான் அந்தச் சருகுக்குத் தலையும் கால்களும் இருப்பது தெரிந்தது. அன்றைய பக்கத்தில் மூன்று அங்குல இடம் வெறுமையாகக் கிடந்தது. 'மாத்தளையில் அரிய இலைப்பூச்சி' என்று தலைப்பிட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன். எந்த ஊரில், எந்த நாளில், யார் கண்டார் என்று கேட்கவில்லை. பூச்சிதானே என்ற அலட்சியம்.

பத்து நாள்கள் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். நீங்கள் வெளியிட்டது இலைப்பூச்சி அன்று, கும்பிடுபூச்சியில் ஒரு வகை என்றார். அரிது என்று எழுதியதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். மாத்தளை என்றால் மாத்தளையில் எங்கே என்றும் கேட்டார். கடைசி வரி இது: "ஊரும் நாளும் இல்லாத கொலைச் செய்தியைத் தங்கள் பத்திரிகை வெளியிடுமா?"

திருத்தம் வெளியிட்டிருக்கவேண்டும். நான் அஞ்சலட்டையை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். பூச்சிக்கு யார் வழக்குப் போடப்போகிறார்கள்?

அந்த ஆசிரியரின் கேள்வி சரியானது என்பது பிற்பாடு எனக்கு மெல்ல மெல்ல விளங்கியது. ஓர் உயிரினத்தைப் பற்றிய செய்தியும் செய்திதான். பெயர், இடம், நாள், கண்டவர் ஆகிய நான்கும் இல்லையெனில் அது வதந்தி. இந்தப் பதிவின் பொருள் அதுவே.

முதலில், படத்தில் இருந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் பேசும் பூச்சி ஆர்வலர்கள் அதனை வயலின் கும்பிடுபூச்சி என்பார்கள். அறிவியற்பெயர் கொங்கிலஸ் கொங்கிலோடெஸ். உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநிறுத்திய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758இல் தமது நூலின் பத்தாம் பதிப்பிலேயே இதற்குப் பெயரிட்டுவிட்டார். உலகில் இன்று அறியப்பட்டுள்ள கும்பிடுபூச்சி இனங்கள் ஏறத்தாழ 2,400. அவற்றுள் மிக முந்திப் பெயர் பெற்றவற்றில் இதுவும் ஒன்று. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். ஒல்லியான நீண்ட கழுத்தும், அதன் நுனியில் விரிந்த தகடும், கீழே பருத்த வயிறுமாக இருப்பதால் ஐரோப்பியர் கண்ணுக்கு அது வயலினாகத் தெரிந்தது. நம் கண்ணுக்கு வீணையாகத் தெரியக்கூடும். வீணைக் கும்பிடுபூச்சி என்று தமிழில் அழைத்தால் குற்றமில்லை என்பது என் எண்ணம்.

இலைப்பூச்சி என்று நான் எழுதியது எவ்வளவு பெரிய பிழை என்பதை விளக்கவேண்டும். இலங்கையில் உண்மையான இலைப்பூச்சியும் உண்டு. அது இலையைத் தின்று வாழும் சாது. கொய்யா இலையே அதற்கு விருந்து. கும்பிடுபூச்சி ஒருபோதும் இலையைத் தின்னாது. அது வேட்டைக்காரன். இரண்டையும் பிரித்தறிய முன்னங்கால்களைப் பார்த்தால் போதும். கும்பிடுபூச்சியின் முன்னங்கால்கள் பேனாக்கத்திபோல் மடங்கும். உட்புறத்தில் முட்கள் வரிசையாக இருக்கும். முக்கோணத் தலையைத் திருப்பி அது நம்மையே பார்க்கும். இலைப்பூச்சிக்கு இவை எதுவும் இல்லை.

கும்பிடுபூச்சிகளுக்குள் வீணைக் கும்பிடுபூச்சியை அடையாளங்காண்பதும் கடினமன்று. பத்து சென்ரிமீற்றர் வரை வளரும். நிறம் காய்ந்த புல்லின் நிறம், அல்லது சருகின் நிறம். நடுக்கால்களிலும் பின்னங்கால்களிலும் கிழிந்த இலைத்துண்டுகளைப் போன்ற தகடுகள் ஒட்டியிருக்கும். உச்சந்தலையில் கூரான நீட்சி ஒன்று நிற்கும். உணர்கொம்புகள் சீப்புப்போல் இருபுறமும் பிரிந்திருந்தால் அது ஆண். வெறும் நூல்போல் இருந்தால் பெண். காற்று வீசும்போது கிளையோடு சேர்ந்து தானும் ஆடும். ஆடாமல் நின்றால்தான் சந்தேகம் வரும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது.

இன்னுமொன்று. கழுத்து நுனித் தகட்டின் அடிப்பக்கம் மேற்பக்கத்தைப்போல் சருகு நிறமாக இருப்பதில்லை. நீலமும் ஊதாவும் கலந்த பூவிதழின் நிறத்தில், நடுவே கரும்புள்ளியுடன் இருக்கும். 1877இல் கல்கத்தாவில், வங்காள ஆசியச் சங்கத்தின் கூட்டத்தில், அன்டர்சன் என்ற விலங்கியலாளர் உயிருள்ள பூச்சிகளைக் காட்டி இதனை விளக்கினார். தலைகீழாகத் தொங்கும்போது பூவைப்போல் தோன்றி ஈக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் இது ஏமாற்றுகிறது என்பது அன்று சொல்லப்பட்ட விளக்கம். ஆகவே படம் எடுப்பவர் மேலிருந்து எடுத்த ஒரு படத்தோடு நிறுத்திக்கொள்ளலாகாது. பக்கவாட்டிலும் அடியிலிருந்தும் எடுக்கவேண்டும். எனக்கு வந்ததோ மேலிருந்து எடுத்த ஒரே படம்.

எல்லாக் கும்பிடுபூச்சிகளையும் இப்படிப் படத்தைக்கொண்டு அறிந்துவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மரப்பட்டையோடு ஒட்டிக் கிடக்கும் இனங்கள் ஒன்றையொன்று அப்படியே ஒத்திருக்கும். நிபுணர்கள் ஆண்பூச்சியின் இனவிருத்தி உறுப்பை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தே அவற்றைப் பிரிக்கிறார்கள். சிறகு முளைக்காத குஞ்சுகளின் கதையும் அதுதான். கைத்தொலைபேசிப் படத்தைப் பார்த்து ஒரே நிமிடத்தில் பெயர் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். "தெரியவில்லை" என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல நிபுணர். நல்ல நிருபரும் அவரே.

அடுத்து, 'அரிய' என்ற சொல். பத்திரிகைக்காரர்களாகிய நாம் அதிகம் துர்ப்பிரயோகம் செய்த சொற்களில் ஒன்று இது. எண்ணிக்கையில் குறைந்திருப்பது ஒன்று; கண்ணில் படாமலிருப்பது வேறொன்று. சருகுக் காட்டில் சருகாக நிற்கும் பூச்சி கண்ணில் படாதது இயற்கை. சிறகு முளைத்த பின்னர் அதன் ஆயுள் சில மாதங்களே. அதிலும் ஆண் முந்தி மடிந்துவிடும். அந்த மாதங்களில், அந்தப் பற்றைக்குள், பார்க்கத் தெரிந்த கண்ணோடு யாராவது போனால்தான் அது அகப்படும். எத்தனை இடங்களில் தேடினோம், எத்தனையில் கண்டோம் என்ற கணக்கு கையில் இருந்தால்தான் அரிது என்று எழுதலாம். நான் எழுதியபோது என் கையில் இருந்தது ஒரு புகைப்படம் மட்டுமே.

மாத்தளை என்று மட்டும் எழுதுவது ஏன் போதாது என்பதைப் புலம்பெயர்ந்த வாசகர்களுக்குச் சற்று விளக்குகிறேன். யாழ்ப்பாணத்துக்கு ஏ-9 வீதியால் போனவர்களில் பலர் இந்த மாவட்டத்தைக் கடந்திருப்பார்கள். கண்டியை விட்டு வடக்கே திரும்பினால் மாத்தளை நகரம்; பின்னர் நாலந்தா, நாவுல, தம்புள்ளை. சில மணி நேரப் பேரூந்துப் பயணத்துக்குள் நாடே மாறிவிடும். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர், 1,900 மீற்றரைத் தொடும் சிகரங்களும், முகில் படிந்த காடுகளும், பிட்டவல பத்தனைப் புல்வெளியும். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அது. தெற்கே ரத்தோட்டை, எல்கடுவ, உக்குவெலப் பக்கங்களில் தேயிலையும் இறப்பரும் மிளகும். வடக்கே தம்புள்ளை, சீகிரியா, கலேவெலவில் வரண்ட வலயத்துப் பற்றைக்காடும் வெங்காயத் தோட்டங்களும். ஈரக்காட்டில் வாழும் பூச்சி பற்றையில் வாழாது. பற்றையில் வாழ்வது முகிற்காட்டில் வாழாது. வீணைக் கும்பிடுபூச்சி வெயிலையும் வரட்சியையும் விரும்புவது. 'மாத்தளை' என்ற ஒரே சொல் இந்த நான்கு உலகங்களையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது.

நானாவது மாவட்டத்தின் பெயரைச் சொன்னேன். பழைய காலத்துச் சேகரிப்பாளர்களில் பலர் 'சிலோன்' என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். சிலர் பூச்சி வாழ்ந்த ஊரை விட்டுவிட்டு அது கப்பலேறிய துறைமுகத்தை எழுதினார்கள். அதனால் பழைய பட்டியல்களில் உள்ள பரம்பலை அப்படியே நம்புவதற்கில்லை. ஆனாலும் அவர்களை நான் குறைகூற மாட்டேன். ஜெனீவாவிலிருந்து வந்த அலோய்ஸ் ஹம்பேர்ட் சேகரித்துச் சென்றவற்றை அந்நகரத்து சொசியூர் ஆராய்ந்தார். 1869இல் அவர் பெயரிட்ட மரப்பட்டைக் கும்பிடுபூச்சி இன்றும் ஹம்பேர்ட்டியெல்லா சிலோனிக்கா என்றே வழங்குகிறது. கொழும்பு நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது. அங்கு பணியாற்றிய ஜி. எம். ஹென்றி, இலங்கைப் பறவைகள் பற்றிய 1955ஆம் ஆண்டு நூலால் புகழ்பெற்றவர், 1930களில் நூதனசாலையின் ஸ்பொலியா சைலானிக்கா இதழில் இந்நாட்டுக் கும்பிடுபூச்சிகளைப் பற்றி எழுதினார். இவர்கள் எழுதி வைத்தார்கள். நாம் பார்த்தோம், எழுதி வைக்கவில்லை.

பார்த்தவர்கள் நாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தென்னிந்தியத் தமிழர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வரண்ட வலயத்துக் காடுகளின் ஊடாக, தம்புள்ளை வழியே மாத்தளைக்குக் கால்நடையாக வந்தார்கள். வழியில் தாகத்தாலும் கொள்ளைநோயாலும் மடிந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கே இல்லை. இந்தப் பூச்சி தமிழ்நாட்டின் காய்ந்த காடுகளிலும் உண்டு, இலங்கையின் காய்ந்த காடுகளிலும் உண்டு. கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் இரு கரைகளும் ஒரே நிலமாக இருந்ததன் சாட்சி அது. பற்றைக்குள் நடந்து வந்த அந்த மக்களில் சிலராவது அதைக் கண்டு, ஊரில் கண்டதுதானே என்று நினைத்திருப்பார்கள். கும்பிடுபூச்சி, இடையன் பூச்சி, பெருமாள் பூச்சி என்று தமிழில் அதன் இனத்துக்கு எத்தனையோ பெயர்கள். பெயர் வைக்கும் அளவுக்குப் பார்த்த மக்கள், பதிவேட்டில் இல்லை.

பதிவேட்டில் இல்லாமற் போவதன் விலை என்ன என்பதை மலையகத் தமிழரைவிட நன்கறிந்தவர் எவரும் இல்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் தந்தை பிறந்த இடத்துக்கும் பாட்டன் பிறந்த இடத்துக்கும் தாள் கேட்டது. தாள் இல்லாதவர்கள் நாடற்றவர் ஆனார்கள். அந்தப் பிழை முழுமையாகத் திருத்தப்பட 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. மனிதரையும் பூச்சியையும் ஒப்பிடுகிறேன் என்று யாரும் கோபிக்கவேண்டாம். எழுதப்படாத உயிர் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது என்ற ஒன்றை மட்டுமே சொல்கிறேன்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. மாத்தளை மாவட்டத்தில் மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2017இல் நிரம்பத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து லக்கலைப் பக்கத்தில் களு கங்கை நீர்த்தேக்கமும் வந்தது. விவசாயிகளுக்குத் தண்ணீர் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீர் ஏறிய பின்னர் அந்த நிலத்தில் எது வாழ்ந்தது என்று கேட்டால், பதில் சொல்லக்கூடியது நீர் ஏறுமுன் எழுதிய பதிவு மட்டுமே. பற்றைக்காட்டின் நிலை இன்னும் மோசம். உயர்ந்த மரமுள்ள காட்டை வெட்டினால் நாலு பேர் கேட்பார்கள். பற்றையை நாம் தரிசு என்கிறோம். தரிசு துப்புரவாக்கப்பட்டதைச் செய்தியாக எந்த நிருபரும் அனுப்புவதில்லை. நானும் அனுப்பியதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதை நேராகச் சந்திக்கவேண்டும். ஊரையும் நாளையும் துல்லியமாக எழுதினால் பூச்சி பிடிப்பவனுக்கு நாமே வழிகாட்டியதாகாதா? 2024 மே மாதத்தில் யால தேசியப் பூங்காவில் இத்தாலியத் தந்தையும் மகனும் போத்தல்களில் அடைத்த நூற்றுக்கணக்கான பூச்சிகளுடன் பிடிபட்டார்கள். 92 இனங்களைச் சேர்ந்தவை அவை. அதே ஆண்டு செப்டம்பரில் நீதிமன்றம் விதித்த தண்டப்பணம் ஆறு கோடி ரூபா. வீணைக் கும்பிடுபூச்சியும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்க்கப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவை அங்கேயே இனவிருத்தி செய்யப்பட்டவை. லண்டனிலோ பேர்லினிலோ இருக்கும் தமிழ்ப் பிள்ளை ஒன்று, தன் பாட்டியின் ஊர்ப் பூச்சியைக் கடையில் விலைக்கு வாங்கும் நிலை வந்துவிட்டது. ஆகவே அச்சம் நியாயமானது.

என்னுடைய பதில் பத்திரிகைத் தொழில் கற்றுத் தந்த பதில். நிருபருக்குத் தகவல் தந்தவரின் பெயர் தெரிந்திருக்கவேண்டும், ஆசிரியருக்கும் தெரிந்திருக்கவேண்டும், அச்சில் வரவேண்டிய கட்டாயமில்லை. பூச்சியின் ஊரும் அப்படித்தான். நூதனசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகும் குறிப்பில் இடம் அடிபிசகாமல் இருக்கவேண்டும். பத்திரிகையிலும் முகநூலிலும் மாவட்டமும் வலயமும் போதும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பதிவுத் தளங்களில் இடத்தைத் துல்லியமாகக் கொடுத்துவிட்டு, பொதுமக்கள் பார்வைக்கு மங்கலாக்கி வைக்கும் வசதி உண்டு. இன்று நடப்பது இதற்கு நேர்மாறு. ஆய்வாளருக்கு ஒன்றும் போவதில்லை. முகநூலில் மட்டும் மரத்தின் அடையாளம் வரை போய்விடுகிறது.

பிடித்து அனுப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். அனுமதிப் பத்திரத்தோடு ஆய்வாளர் செய்யவேண்டிய வேலை அது. நமக்குத் தேவையானது படமும் குறிப்பும் மட்டுமே. நாள், நேரம், கிராமம், நிலத்தின் இயல்பு, எந்தச் செடி, நிலத்திலிருந்து எவ்வளவு உயரம், சிறகு உண்டா இல்லையா. ஏழே விடயங்கள். ரத்தோட்டைத் தோட்டப் பாடசாலையில் ஏழாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை இதை எழுதிவிடும். அந்தப் பிள்ளைக்குத் தேவையானது தமிழில், படங்களோடு, கையடக்கமான ஒரு வழிகாட்டி நூல். ஆங்கிலம் தெரிந்தவனுக்கே தன் வேலிப் பூச்சியின் பெயர் தெரியும் என்ற நிலை வெட்கத்துக்குரியது. வெளிநாடுகளில் ஊர்ச்சங்கங்கள் கோபுரத்துக்கும் தேருக்கும் நிதி சேர்க்கின்றன. மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களையும் கண்டு கைகூப்பியவன் நான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. தேர்ச் செலவில் ஒரு சிறு பங்கு இருந்தால் இந்த நூல் அச்சாகிவிடும்.

சென்ற ஆண்டு ஒரு பயணத்தில், நாவுலைக்கு வடக்கே, வீதியோரக் கடையொன்றில் தேநீர் அருந்த இறங்கினேன். கடைக்குப் பின்னே பற்றை. காய்ந்த செடியொன்றில் ஒரு சருகு காற்றில்லாத வேளையில் ஆடியது. அருகில் போனேன். சீப்புப்போன்ற உணர்கொம்புகள். ஆண். கடைக்காரப் பெரியவர் பின்னால் வந்து நின்றார். "இது நம்ம கும்புடுபூச்சிங்க ஐயா. மழை விட்டா வரும். சின்ன வயசிலேர்ந்து பாக்கிறேன்" என்றார். யாராவது வந்து கேட்டிருக்கிறார்களா என்றேன். "யாரு கேப்பாங்க?" என்றார்.

அறுபது ஆண்டு அவதானிப்பு அந்த மனிதரின் தலைக்குள் இருக்கிறது. அவரோடு அது போய்விடும். மாத்தளைக்கு அருகேதான் அளுவிகாரை இருக்கிறது. வாய்மொழியாகப் பேணப்பட்ட பௌத்த மறைநூல்கள் கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்ட இடம் என்று மரபு சொல்கிறது. மனனம் செய்தவர்கள் பஞ்சத்தில் மடிந்தால் மறையும் மடியும் என்ற அச்சமே அந்த வேலைக்குக் காரணம். எழுதி வைக்கவேண்டும் என்ற புத்தி பிறந்த அதே மண்ணில்தான் நாம் எழுதாமல் இருக்கிறோம்.

நான் அன்று மூன்று கோணங்களில் படம் எடுத்தேன். பெரியவரிடம் கேட்டுக் குறிப்பு எழுதி, அனுப்பவேண்டிய இடத்துக்கு அனுப்பினேன். எந்தக் கடை என்று இங்கே எழுதமாட்டேன். காரணம் மேலே சொன்னதுதான்.

அஞ்சலட்டை எழுதிய ஆசிரியர் இன்று இருக்கிறாரோ என்னவோ. இருந்தால் அவருக்காக, இல்லாவிட்டால் வாசகர்களுக்காக, அன்று வெளியிட்டிருக்கவேண்டியதை இன்று வெளியிடுகிறேன்.

திருத்தம்: 'மாத்தளையில் அரிய இலைப்பூச்சி' என்ற தலைப்புடன் வெளியான படத்தில் இருந்தது கும்பிடுபூச்சி. அரிது என்பதற்கு ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. எங்கே, எப்போது, யார் கண்டார் என்று கேட்கத் தவறியது என்னுடைய பிழை. வருந்துகிறேன்.